தொண்டர்களை வழிநடத்துவோருக்குப் பயிற்சி உதவித்தொகை
(ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது நம் மஹல்லா இளைஞர்கள் இரவு பகலாகச் சமைத்து, மண்டபத்தில் தங்கியிருந்த அனைத்துச் சமூகத்தாருக்கும் உணவளித்ததை நாம் அறிவோம். ஆயினும் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் உணவுப் பொட்டலங்கள் மிஞ்சி வீணாயின, குடிநீரோ போதவில்லை. ஒரே தெருவுக்கு மூன்று வண்டிகள் சென்றன. அடுத்த தெருவுக்கு ஒன்றும் செல்லவில்லை. பொறுப்பேற்றிருந்த இளைஞரை நாம் அனைவரும் கடிந்துகொண்டோம். அதன்பின் அவர் எப்பணிக்கும் வருவதில்லை. குறை அவருடையதன்று. ஐம்பது பேரை நடத்தும் பொறுப்பை ஒப்படைத்த நாம், அதற்கான பயிற்சியை அவருக்கு அளிக்கவில்லை.

இவை கற்றுத் தெளிய வேண்டியவை. முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும், 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று 'ஸ்பியர்' எனப்படும் பன்னாட்டு நிவாரணக் கையேடு வரையறுக்கிறது. முறைவைத்து ஓய்வளித்தல், பெயர்ப் பதிவேடு, கணக்கு, மனத்தாங்கல் தீர்த்தல் ஆகியனவும் பயிற்சியால் வருவனவே. தொண்டர்களுக்கு டிசம்பர் 5ஆம் நாளை ஐ.நா. சபை 1985இல் அறிவித்தது. தொண்டர்களை நடத்துவோரைச் சிறப்பிக்க நவம்பர் 5ஆம் நாள் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. அவர்கள் பயிற்சி பெறவும் தேர்வெழுதவும் வெளிநாட்டுச் சங்கங்கள் சில உதவித்தொகை வழங்குகின்றன.

நம் ஜமாஅத்திலும் இத்தகைய உதவித்தொகையைத் தொடங்க முன்மொழிகிறோம். ஜகாத் நிதியைத் தொடாமல், இதற்கெனத் தனியே திரட்டும் நன்கொடையிலிருந்து ஆண்டுக்கு இருவருக்கு வழங்கலாம். ஈராண்டுகளேனும் தொண்டாற்றியிருத்தல் போதும், பட்டம் தேவையில்லை. முதலுதவி, பேரிடர் மேலாண்மை, கணக்குப் பதிவு ஆகிய பயிற்சிகளின் கட்டணமும் பயணச் செலவும் மட்டுமன்றி, அந்நாட்களில் இழக்கும் கூலியும் ஈடுசெய்யப்பட வேண்டும். ஏனெனில் நம் தொண்டர்களில் ஆட்டோ ஓட்டுநரும் கடைச் சிப்பந்தியும் உள்ளனர். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது கடினம். மருத்துவ முகாம்களைத் திறம்பட நடத்தும் நம் சகோதரிகளுக்கும் இதில் சமவாய்ப்பு உண்டு. பயிற்சி பெற்றவர் ஓராண்டுக்குள் பத்துப் பேருக்கேனும் தாம் கற்றதைக் கற்பிக்க வேண்டும் என்பதே நாம் விதிக்கும் நிபந்தனை.

முதல் விண்ணப்பத்தை, அன்று நாம் கடிந்துகொண்ட அந்த இளைஞரின் வீட்டுக்கு நாமே கொண்டுசென்று கொடுப்பது என நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. இத்திட்டத்திற்குத் தங்கள் ஒப்புதலையும் நல்லாதரவையும் வேண்டுகிறோம்.