தவிலும் பச்சை இழையும்

அளவெட்டி என்றதும் நாதசுரமும் தவிலும் நினைவுக்கு வருதல் இயல்பு, என். கே. பத்மநாதனின் நாதசுரம் முழங்கிய ஊர் அது. கோயில் வீதியில் இரு தவில்காரர் முறைவைத்து வாசிக்கையில், ஒருவர் ஓய்ந்திருக்க மற்றவர் தொடங்குவார். ஓய்ந்தவர் தாம் விட்ட இடத்தை மறப்பதில்லை.

கணிப்பொறி நிரல்களில் வரும் ‘ஜெனரேட்டர்’ இத்தகையதே. மின்சாரம் தரும் யந்திரம் அன்று. ஒரு விடையைத் தந்து நின்றுவிடும். மீண்டும் அழைத்தால் நின்ற இடத்திலிருந்தே தொடரும். மெல்வின் கான்வே 1958-இல் ‘கோரூட்டின்’ எனப் பெயரிட்ட முறையின் எளிய வடிவம் அது.

‘பச்சை இழை’ என்பதோ பல வேலைகளை, இயங்குதளத்தை எதிர்பாராமல், நிரலின் பக்கத்திலேயே முறைவைத்து நடத்தும் ஏற்பாடு. சன் நிறுவனத்தின் ‘கிரீன்’ குழுவால் வந்த பெயர். நிறத்துக்கு இதில் வேலையில்லை. வேலை மாறுவதற்குச் செலவு சொற்பம். ஆயினும், ஒரு தவில்காரர் தம் முறையை விடாது முழக்கினால் கச்சேரி என்னாகும்? ஓர் இழை விட்டுக்கொடாது ஓடினால் ஏனையவை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ரஸ்ட் மொழியினர், இயக்கச் சுமையை அஞ்சி, 2015-இல் முதற்பதிப்பு வெளிவருமுன்னரே பச்சை இழைகளை நீக்கினர். கோ மொழியினர் அவற்றைக் கைவிடவில்லை. விடாது ஓடும் இழையை இடைமறித்து நிறுத்தும் வழியை 2020-இல் சேர்த்தனர்.