மட்டக்களப்பிலிருந்து பேராக்குக்குப் போன அதிபர்



உரோமர் சிசிலித் தீவை ஆள வெரெஸ் என்பவனை அனுப்பினர். கி.மு. 73 முதல் மூன்றாண்டு ஆண்ட அவன், பத்திலொன்று வரி என்ற பெயரால் உழவரின் களத்தையே துடைத்தெடுத்தான். கி.மு. 70இல் சிசிலியர் உரோமாபுரிக்கே சென்று, சிசரோவைக் கொண்டு வழக்காடினர். தீர்ப்புக்கு முன்பே வெரெஸ் ஓடிவிட்டான். அடிமைப்பட்டோருக்கும் ஆண்டவனைக் கூண்டிலேற்ற ஒரு வழி இருந்தது.

நமது வாவிக்கரையிலும் ஆங்கிலேயர் நெல்வரி வாங்கினர். 1892இல்தான் அதை ஒழிக்கத் துணிந்தனர். எனினும் இங்கு வந்த அதிபரெல்லாம் வெரெஸ் அல்லர். ஜே. டபிள்யூ. டபிள்யூ. பேர்ச் என்பவரைக் கூறுவேன். 1846இல் இலங்கைச் சேவையிற் சேர்ந்த அவர், பின்னர் மட்டக்களப்புக் கச்சேரியில் அதிகாரியானார். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் பழைய குளங்களைத் திருத்த முனைந்த காலம் அது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் புத்துயிர் பெற்றன. குளத்தைவிடப் பெரிதென நான் கருதுவது 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம். காணிக்காரர் கூடி, தம் பழைய வழமையை ஏற்பதா என்று தாமே முடிவு செய்ய அது இடந்தந்தது. வட்டை விதானை தண்ணீர் பங்கிடும்போது கச்சேரியின் கட்டளைக்காக மட்டும் எவரும் பணியவில்லை; அது ஊரின் கட்டளையுமாயிற்று. பேர்ச்சின் வெற்றிக்குப் பாதிக் காரணம் போடிமாரே என்பேன்.

அவர் 1870இல் சிங்கப்பூருக்குக் குடியேற்றச் செயலாளராகப் போனார். 1874 நவம்பரில் மலாய் நாட்டின் பேராக்குக்கு முதல் றெசிடெண்ட் ஆனார். அங்கே மலாய்மொழி அவருக்குச் சரிவரத் தெரியாது. ஆற்றுவழியே தலைவர்கள் வாங்கிவந்த ஆயத்தைப் பிடுங்கி அரசாங்கத்திடம் சேர்க்க விரைந்தார். கடனடிமைகளுக்கு அடைக்கலம் தந்தார். அதனை நான் குறைகூற மாட்டேன். ஆனால் எவரையும் கூட்டிக் கேட்கவில்லை. 1875 நவம்பர் 2ஆந் திகதி, பாசிர் சாலாக்கில் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டுக் கொண்டிருக்கையில், ஆற்றிலே குளித்துக்கொண்டிருந்த அவரை ஈட்டியாற் குத்திக் கொன்றனர். தலைவர் மகாராஜா லேலா 1877இல் தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா செஷல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். பேராக் மக்களுக்குச் சிசரோ ஒருவரும் இருக்கவில்லை. முறையிடச் சபையும் இருக்கவில்லை. ஈட்டிதான் இருந்தது.

ஈப்போ நகரில் 1909இல் பேர்ச் நினைவாக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. கோலாலம்பூரில் அவர் பெயரிலிருந்த வீதியோ இப்போது மகாராஜா லேலா வீதி.