ஸ்டிக்கர் போச்சு, கோந்து போகல

அனுமதியில்லாத ஸ்டிக்கருக்கு அபராதம்னு சென்னை போக்குவரத்து போலீஸ் 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுத்தப்போ, பல பேர் அவசரமா உரிச்சாங்க. கோந்து அப்படியே நின்னுடுச்சு.

பிளேடு எடுக்காதீங்க. பெயிண்ட் மேல இருக்கிற கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடியை விட மெலிசு. வண்டியை நிழலில் நிறுத்தி, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். கோந்து இளகினதும் விரலால உருட்டி எடுங்க. மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊற விடுங்க. அசையலைன்னா துணியில கொஞ்சமா மண்ணெண்ணெய். அதுக்கு முன்னாடி டிரையரைத் தூர வெச்சுடணும்!

தின்னர் வேண்டாம். கம்பெனி பெயிண்ட் அதிக சூட்டில் வேக வைத்தது, ஓரளவு தாங்கும். டிங்கரிங் பட்டறையில அடிச்சது பல நேரம் தாங்காது, துணியோட கலர் வந்துடும். செகண்ட் ஹேண்ட் வண்டியில எந்தக் கதவு மறுபடி பெயிண்ட் அடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? அதனால எதைத் தொட்டாலும் அதே கதவோட கீழ் ஓரத்துல முதல்ல தேய்ச்சுப் பாருங்க. உள்பக்கம் பார்த்தா ஏமாந்துடுவீங்க, அங்க பழைய பெயிண்டே இருக்கலாம்.

அப்புறம் ஷாம்பு போட்டுக் கழுவி வேக்ஸ் போடுங்க. அப்பவும் ஸ்டிக்கர் உருவம் லேசாத் தெரிஞ்சா அது கோந்து இல்லை, சுத்தியிருக்கிற பெயிண்ட் வெயில்ல வெளுத்தது. தேய்க்கிறதை நிறுத்திடுங்க.