முதல் கூட்டத்துக்குப் போகும் வழி
(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றதும் கருத்தடை, தடுப்பூசி பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று வேறு விஷயம். குடியை நிறுத்தியவர் மறுபடி அதைத் தொடாமல் இருக்க எங்கே போகலாம், அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பேச்சு. குடியின் கெடுதலை நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். வீட்டுக்காரர் கொத்தனார். அரசு மருத்துவமனையில் சேர்த்து வைத்தியம் செய்து, வீடு திரும்பி 23 நாள் ஆகியிருந்தது. "சார், இன்னும் தொடலை. ஆனா சாயங்காலமானா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையா நடக்கிறாரு. எனக்கு வயித்தைக் கலக்குது" என்றார். ஆஸ்பத்திரியில் உடம்பைத் தேற்றி அனுப்பிவிடுவார்கள். தினம் வருகிற அந்தச் சாயங்கால நேரத்தை என்ன செய்வது?

அதற்கென்றே உள்ள இடம் ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது முழுப்பெயர். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள். 1935-ல் அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர் குடியை விட்டு ஐந்து மாதமான நிலையில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார வேலையாகப் போனார். வேலை கெட்டுப்போயிற்று. தங்கியிருந்த ஓட்டலிலேயே ஒரு பக்கம் மதுக்கூடம். மனம் அந்தப் பக்கம் இழுத்தது. அவர் செய்ததென்ன? அங்கிருந்த தொலைபேசியை எடுத்து, தேவாலயக்காரர்களைக் கூப்பிட்டு, "குடிப்பழக்கத்தால் அவதிப்படுபவர் யாராவது இருக்கிறாரா? நான் அவரோடு பேச வேண்டும்" என்று கேட்டார். இப்படித்தான் டாக்டர் பாப் என்ற மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் என்று உட்கார்ந்தவர்கள் பல மணி நேரம் பேசினார்கள். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் இயக்கம் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். இந்தியாவில் இது 1957-ல் பம்பாயில் வேர் பிடித்தது. நம் பக்கத்துப் பல ஊர்களில் இன்று தமிழிலேயே கூட்டம் நடக்கிறது.

அந்தக் கொத்தனாரையும் அம்மாளையும் அழைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன். என் கையில் இருந்த விலாசம் பழையது. பள்ளிக்கூட அறை பூட்டிக் கிடந்தது. கூட்டம் வேறு நாளைக்கு மாறிவிட்டதாகக் காவலாளி சொன்னார். முன்னதாகப் போன் செய்து கேட்காதது என் தப்பு. திரும்பினால், பஸ் நிலையத்துக்கு எதிரே மதுக்கடை. மனுஷர் நின்றுவிட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த அம்மாள்தான், "வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று நடந்தார். அவரும் பின்னால் போனார். நான் படித்த டிப்ளமா அன்றைக்கு உதவவில்லை.

அதனால் சொல்கிறேன், கிளம்புமுன் போன் செய்யுங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. அருகில் எங்கே கூட்டம் நடக்கிறதென்று கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். குழுவின் எண் கிடைத்தால், எந்தக் கிழமை, எத்தனை மணி, எப்போது முடியும் என்று கேட்டு, கடைசி பஸ்ஸையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "திறந்த கூட்டமா?" என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்குத் தம்பதியாகவே போகலாம். மற்றது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம்தான் பலரை வாசலோடு திருப்பிவிடுகிறது. யாரும் திட்டமாட்டார்கள், ஜாதி கேட்கமாட்டார்கள், கட்டணமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிறர் கதையைக் கேட்டாலே போதும். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் சேருவதற்குத் தகுதி. மாதா கோயில் வளாகத்தில் கூட்டம் நடந்தால் மதம் மாற்றுவார்களோ என்று நினைக்க வேண்டாம். அது இடவசதிக்காக. இறைசக்தி என்ற பேச்சு வரும்; அவரவர் நம்பிக்கைப்படி எடுத்துக்கொள்ளலாம். குடிக்கிற பெண்களும் இதற்கு வரலாம், வருகிறார்கள்.

மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் தனியாக ஒரு கூட்டம் உண்டு, அல்-அனான் என்று பெயர். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் இன்னொரு பெண்மணியோடு சேர்ந்து தொடங்கியது. வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போகலாம். யாரோ சொன்னார்கள் என்று சோற்றில் ரகசியமாக மருந்து மட்டும் கலக்காதீர்கள். அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று முக்கியம். தினமும் நிறையக் குடித்தவர் வீம்பாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது எல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள் வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், பிறகு கூட்டம்.

பக்கத்தில் கூட்டமே இல்லையா? போன் வழியாகவும் கூட்டம் நடத்துகிறார்கள். குடியை விட நினைக்கும் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே அதுவும் ஒரு குழுதான். ஆக்ரனில் இருந்ததும் இரண்டே பேர்தானே.

அந்தக் கொத்தனார் மறுவாரம் சரியான கிழமையில் போனார். முதல் மூன்று வாரம் வாயே திறக்கவில்லையாம். நடுவில் ஒரு பொங்கலுக்குத் தவறிவிட்டார். மறுநாளே அந்த அறைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னார். அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார்.

பேச்சு முடிந்தபின் நான் இந்தத் திண்ணையிலேயே அரை மணி நேரம் இருப்பேன். எண் வேண்டியவர்கள் தனியாக வந்து வாங்கிக்கொள்ளலாம். பேசக் கூச்சமாக இருந்தால், என் போனிலிருந்து நானே போட்டுத் தருகிறேன்.