வரம்பு வைத்தவர் காரணமும் சொல்ல வேண்டும்



செயலியின் வேகத்துக்கு யார் எல்லை வகுப்பது என்பதைப் பற்றி நம் துறையினர் நிறையவே எழுதியிருக்கிறார்கள். வகுத்த எல்லையைப் பயனரிடம் சொல்வது பற்றி எழுதியது குறைவு. அதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சிப் செலவிடும் மின்திறன் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். வேகம் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், உச்சத்தை ஒட்டிய சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு நாம் தரும் விலை கடுமையானது. டிரான்சிஸ்டர் சிறுத்தாலும் பரப்பளவுக்கான மின்செலவு கூடாது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டிய வழி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கைகொடுத்தது. 2005-ஐ ஒட்டி அது நின்றுபோனது. அதன்பின் வேகம் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

லினக்ஸ் கெர்னலில் அந்தப் பங்கீட்டைப் பார்த்துக்கொள்வது சிபியு-ஃப்ரீக் பகுதி. தேவை பார்த்து வேகம் மாற்றும் 'ஆன்டிமாண்ட்' கவர்னர் பற்றிய கட்டுரை 2006-இல் ஒட்டாவா மாநாட்டில் வந்தது. பத்தாண்டு கழித்து 4.7 பதிப்பில் 'ஷெட்யூட்டில்' சேர்ந்தது. ஷெட்யூலர் தரும் சுமை அளவை ஒன்றேகால் மடங்காக்கி அது வேகத்தைக் கணக்கிடும். எண்பது சதவீதச் சுமையிலேயே உச்ச வேகத்தைக் கேட்டுவிடும்.

வரம்புகளின் கதை இதைவிடச் சிக்கலானது. பயனர் ஓர் உச்ச அளவு வைப்பார். வெப்பம் காக்கும் டிரைவர் வேறொன்று கேட்கும். பயாஸ் தன் ஏசிபிஐ அட்டவணை வழியே மூன்றாவதைச் சொல்லும். முன்பெல்லாம் ஒவ்வொன்றும் முறைவைத்து வந்து, இருப்பதைத் திருத்திவிட்டுப் போகும். 2019-இல் வெளிவந்த 5.3, 5.4 பதிப்புகளில் அந்த ஏற்பாடு மாறியது. இப்போது ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியே பதிவில் நிற்கும். உச்ச அளவுகளில் மிகச் சிறியதே செல்லும். வெப்பம் தணிந்து டிரைவர் தன் பிடியைத் தளர்த்தினால், பயனர் வைத்த அளவு தானாகவே திரும்பும். கெர்னலில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்புகளில் இது ஒன்று.

கோரிக்கைகளை இவ்வளவு பொறுப்பாகக் காக்கும் அதே பகுதி, வெளியே ஓர் எண்ணை மட்டும் காட்டுகிறது. 1,200 மெகாஹெர்ட்ஸ் என்று தெரியும். கேட்டது யாரென்று தெரியாது. மடிக்கணினியின் பலகையில் உள்ள வேறொரு பாகமும் 'சூடாகிவிட்டது' என்று செயலிக்குச் சைகை அனுப்ப முடியும். அந்தப் பாகம் பழுதானால், குளிர்ந்து கிடக்கும் கணினியும் அடிமட்ட வேகத்தில் தவழும். உரிமையாளர் ஹார்ட் டிஸ்கை மாற்றுவார். இயங்குதளத்தை அழித்து மறுபடி போடுவார். பணமும் நேரமும் போகும், கோளாறு போகாது.

காரணம் சொல்லாததன் விலை என்ன என்பதற்கு ஐபோன் விவகாரத்தை இளைய ஆய்வாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். பேட்டரி தளர்ந்த போன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க, 2017 தொடக்கத்தில் ஐஓஎஸ் 10.2.1 செயலியின் உச்ச வேகத்தைக் கட்டியது. பொறியியல் நோக்கில் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். பயனருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். டிசம்பரில் விஷயம் வெளிப்பட்டதும் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக்கியது. 2020-இல் பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது, தெரிவிக்காமல் விட்ட குற்றத்துக்காக.

இப்போது முடிவெடுக்கும் இடமே கெர்னலைவிட்டு நகர்கிறது. 2015-இன் ஸ்கைலேக் முதல் இன்டெல் சிப்களில் கெர்னல் கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் சொன்னால் போதும். இடைப்பட்ட தேர்வைச் சிப்பே செய்துகொள்ளும். 2023-இல் 6.3 பதிப்பின் ஏஎம்டி டிரைவரும் அந்த வழிக்கு வந்தது. வேகமாற்றம் விரைவாகிறது, காரணமோ இன்னும் தள்ளிப்போகிறது. தள்ளிப்போகத்தான் வேண்டும் என்பதில்லை. வரம்பின் காரணங்களைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்டர் இன்டெல் சிப்கள் பலவற்றில் உண்டு; டர்போஸ்டாட் கருவி அதைப் படித்துக் காட்டும். ஒவ்வொரு வரம்பும் வைத்தவரின் பெயரோடும் காரணத்தோடும் சாதாரணப் பயனர்வரை வந்து சேர வேண்டும் என்பதே நான் இந்த அவைமுன் வைக்கும் கோரிக்கை.

வெளிப்படையாக்குவது பாதுகாப்புக்கு ஆபத்து என்ற எதிர்வாதத்தையும் மதிக்கிறேன். 2017-இல் கிளாக்ஸ்க்ரூ தாக்குதல் அதிர்வெண்ணை எல்லைமீறித் தள்ளி, ஒரு கைப்பேசியின் பாதுகாப்புப் பகுதியிலிருந்த ரகசியத் திறவுகோலைப் பிடுங்கியது. 2019-இல் பிளண்டர்வோல்ட் மின்னழுத்தத்தைக் குறைத்து எஸ்ஜிஎக்ஸ் அரணை உடைத்தது. இவ்விரண்டும் மாற்றும் உரிமையால் வந்தவை, அதைப் பூட்டிவிடலாம். ஆனால் 2020-இன் பிளாட்டிபஸ், மின்செலவு அளவைப் படித்தே ரகசியத்தை எட்டலாம் என்று காட்டியது. அந்த அளவைக் காட்டும் கோப்பை லினக்ஸ் நிர்வாகிக்கு மட்டும் என்று மூடியது. எனவே காரணத்தை எவ்வளவு நுணுக்கமாக, எவ்வளவு அடிக்கடி வெளியிடலாம்? வெப்பம், பேட்டரி, ஃபர்ம்வேர் என்ற அளவில், சில நொடிகளுக்கு ஒருமுறை சொன்னால் பயனருக்குப் போதும், தாக்குபவருக்குப் போதாது என்பது என் கணிப்பு. அது இன்னும் அளந்து நிறுவப்படவில்லை. அளந்து பார்க்க முன்வருவோரிடம் முதல் அமர்வை ஒப்படைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.