ஒரு நொடி ஷட்டர்

பழைய கேமராக்களைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். கண்ணால் பார்க்கிற சாமானைக் காதுக்கு எப்படிக் காட்டுவாய் என்றார்கள். கேமரா சேர்க்கிறவனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பழனி அடிவாரத்தில் மொட்டையடித்த தலையில் சந்தனம் மணக்க, மலையும் கோபுரமும் தீட்டிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் ஒரு காலத்தில் குறைவு. 2023 அக்டோபர் முதல் மலைமேல் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் தடை இருக்கிறது. ஒருவகையில் படம் மறுபடி அடிவாரத்துக்கே இறங்கி வந்துவிட்டது. ஆனால் அந்தத் திரைகளுக்கு எதிரே முக்காலியில் நின்ற பெட்டிகள்தான் இல்லை.

என்னிடம் இருக்கும் பழைய கேமராக்கள் முப்பதுக்குக் கிட்டே. அவற்றில் நான் தினமும் தொடுவது யாஷிகா மேட் 124 ஜி. 1970-இல் ஜப்பானிலிருந்து வந்த மாடல். நம் ஊர்க் கல்யாணங்களில் பாதியை இதுதான் பார்த்திருக்கும். இரண்டு லென்ஸ்: மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது பிடிக்க. குனிந்து கண்ணாடியில் பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். காவடி வலப்பக்கம் ஆடிப் போனால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். புதிதாகப் பிடிக்கிறவன் தடுமாறுவான், பழகியவன் கையே தானாகத் திரும்பிவிடும். 120 ஃபிலிம் ரோலில் 12 சதுரப் படங்கள்தான். அதனால்தான் ஸ்டுடியோக்காரர்கள் "கண்ணைச் சிமிட்டாதே தம்பி" என்று அத்தனை கறாராக இருந்தார்கள்.

பக்கத்திலேயே பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 வைத்திருக்கிறேன். அதே 120 ரோல், அதே 12 படம், ஆனால் பொம்மை மாதிரி எளிமை. வெயிலா, மேகமா என்று மட்டும் சொன்னால் போதும். இதற்குள் போட, உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்தது. பெட்டியும் ஃபிலிமும் இந்தியாவிலேயே ஆனவை. அந்த ஆலை இன்று இல்லை. கேமரா மட்டும் காத்திருக்கிறது.

இனிப் பராமரிப்பு. நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு, அழகான தோல் உறைக்குள் கேமராவை மூடி பீரோவில் வைப்பது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி அடைமழை முடிந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம். இரண்டாவது தவறு, பூச்சி வராமலிருக்க அந்துருண்டையோ கற்பூரமோ போடுவது. அந்த ஆவி கேமராவுக்கு ஆகாது. பழனிக்காரன் கற்பூரத்தைச் சாமிக்கே கொடுத்துவிடலாம். காற்றாடும் அலமாரி, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்டுவது: நான் செய்வது அவ்வளவுதான்.

சேர்ப்பதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. மும்பைப் பத்திரிகையாளர் திலீஷ் பரேக் 4,425 கேமராக்கள் சேர்த்துக் கின்னஸில் இடம்பெற்றவர். குருகிராமில் ஆதித்ய ஆர்யா ஒரு கேமரா அருங்காட்சியகமே கட்டியிருக்கிறார். மதிக்கிறேன். ஆனால் எண்ணிக்கையில் எனக்கு ஆசையில்லை. கூட ஒரு நோட்டு இல்லாத கேமரா, பெயர் மறந்த தாத்தா போட்டோ மாதிரிதான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுகிறேன்: வரிசை எண், யார் கையிலிருந்து வந்தது, அந்தக் கையில் என்னென்ன படம் எடுத்தது, எங்கே விழுந்து நசுங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்தது. படத்துக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது, படம் எடுத்த பெட்டியோ இன்னும் எடைக்குத்தான் போகிறது.

காது விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஷட்டர் கெடும்போது வேகமான அளவுகளில் அவ்வளவாகத் தெரியாது. மெதுவான அளவில்தான் காட்டிக்கொடுக்கும். சின்னப் பல்சக்கரங்களில் எண்ணெய் உறைந்து, ஒரு நொடி என்பது இரண்டு நொடியாக இழுக்கும், சில சமயம் நடுவிலேயே நின்றுவிடும். வாங்கும்போது லென்ஸைப் பார்க்கும் முன் ஒரு நொடி வேகத்தில் வைத்துத் தட்டிக் கேளுங்கள். சீரான சத்தம் வந்தால் பேரம் பேசலாம்.

யாஷிகாவைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். ஒரு நொடி வேகத்தில் வைத்திருக்கிறேன். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். கேளுங்கள்.