தூதர் யாரிடம் வந்தார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தேவதூதர்களும் விசுவாசிகளும்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் போதகர் அல்ல. பம்பும் பைப்பும் பார்க்கிற இன்ஜினியர். ஆகையால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் முதலாம் ஆண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் என் வகுப்புத் தோழன் வீடு. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தான். ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு நாலு பேர் செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றத்தில் டயர் பஞ்சர். டிரைவரைத் திட்டிக்கொண்டே டீ குடித்தோம். அந்த நேரத்தில்தான் கடல் ஊருக்குள் வந்தது. பஸ் ஒழுங்காகப் போயிருந்தால் நாங்கள் கரையில் நின்றிருப்போம்.

31ஆம் தேதி இரவு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன்: "கர்த்தர் தம் தூதனை அனுப்பி அந்த டயரைப் பஞ்சராக்கினார்." சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

காலேஜ் திறந்ததும் தோழன் வந்தான். கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அவன் அப்பா அலையோடு போய்விட்டார். அவரும் விசுவாசிதான், ஜெபிக்காமல் படகில் கால் வைக்காதவர். அவன் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்: "உனக்காக டயரைப் பஞ்சராக்கின தூதருக்கு, எங்கப்பாவுக்கு ஒரு குரல் குடுக்க நேரமில்லையாடா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் கிடையாது. ஆனால் அந்தக் கேள்விதான் என்னை வேதத்தை ஒழுங்காக வாசிக்க வைத்தது.

தூதர்கள் காப்பார்கள் என்கிறது 91ஆம் சங்கீதம். அதைக் காட்டித்தான் பிசாசு இயேசுவை ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னான், அவர் குதிக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் தூதன் வந்து பேதுருவைச் சிறையிலிருந்து அழைத்துப்போகிறான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் சொல்லவில்லை. கெத்செமனேயில் தூதன் வந்தது இயேசுவைப் பலப்படுத்த; சிலுவையை விலக்க அல்ல. அப்படியானால், பிழைத்தவனுக்குத்தான் தேவன் துணை நின்றார் என்பதுபோல நான் சொன்ன சாட்சி தப்பு.

தூதன் என்றால் செய்தி கொண்டு வருகிறவன். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும்கூட அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். அன்று சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.30 மணி வாக்கில். அலை நம் கரைக்கு வர 2 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குரல் கொடுக்க நேரம் இருந்தது, ஏற்பாடுதான் இல்லை. பசிபிக்கில் இருந்த சுனாமி எச்சரிக்கை அமைப்பு இந்தியப் பெருங்கடலில் அப்போது கிடையாது. 2007இல்தான் ஐதராபாத்தில் நம் நாட்டு மையம் வந்தது. தோழன் கேட்டதில் பாதி தேவனிடம் கேட்ட கேள்வி. மீதிப் பாதி என்னைப் போன்ற இன்ஜினியர்களிடம் கேட்டது.

நம் செங்கல்பட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் இறந்தார். அவரைக் காக்க எந்தத் தூதனும் வரவில்லை. அந்த மலையில் வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட் டாக்டராகி வேலூருக்கு வந்தார். 1947இல் டாக்டர் காக்ரேன் அழைக்க, இங்கே திருமணி தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க வந்தவர், விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. கையில் நல்ல தசை இன்னும் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். பிறகு வேலூரில், நல்ல தசையின் நாணை இடம் மாற்றி இணைத்து, மடங்கிய விரல்களை மறுபடி வேலை செய்ய வைத்தார்.

சில வருஷம் கழித்துத் தோழனே ஒன்று சொன்னான்: "அன்னைக்கு ராத்திரி திருக்கழுக்குன்றம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா, நெத்தி நிறைய குங்குமம், அண்டா நிறைய சோறு கொண்டாந்தாங்க. எங்கம்மாவுக்கு ஊட்டி விட்டாங்க. பேர்கூடக் கேக்கலைடா. அப்பாவுக்கு வரல, எங்களுக்கு வந்தாரு தூதர்."

அவன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னேன். தம்பி தங்கைகளே, நீங்கள் ஆபத்துக்குத் தப்பினால் அவசியம் சாட்சி சொல்லுங்கள். ஆனால் தப்பாதவர் வீட்டுக்கு முதலில் போய்விட்டு வந்து சொல்லுங்கள்.